பொட்டு வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கிய முதல் வாரத்தில், கோவில்பட்டி – எட்டயபுரம் ரோட்டில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க்கில் நடந்தது இது. எங்கள் கிராமத்து ரோடு மெயின் ரோட்டைத் தொடுகிற இடத்திலேயே இருக்கிறது அந்த பங்க். இருந்தும் அதுவரை ஒரு நாள்கூட நான் அங்கே பெட்ரோல் போட்டதில்லை. அளவு சரியாக இருக்காது என்று நானாக ஒரு முடிவு. யார் சொன்னது என்று கேட்டால் எனக்கே தெரியாது. நான் அப்படிப்பட்ட ஆள். எதற்கெடுத்தாலும் சந்தேகம், மூக்கு நுனியில் கோபம்.

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். நான், மனைவி, ஐந்து வயது மகள் மூவருக்கும் சேர்த்து ஒரே ஸ்கூட்டர். அதில் பெட்ரோல் முள் வேலை செய்யாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. சரிபண்ணித் தாருங்கள் என்று மனைவி பல தடவை சொல்லிவிட்டாள். வண்டியை ஆட்டி, உள்ளே தளும்புகிற சத்தத்தை வைத்து அளவு சொல்வதில் எனக்கு ஒரு பெருமை வேறு. அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். காலை பதினோரு மணி வாக்கில் போன் அடித்தது. மனைவிதான். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியவளுக்கு, பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது.

"பெட்ரோல் இருக்கான்னு பாத்து எடுக்கக்கூடத் தெரியாதா? தூங்குத மனுசனைப் போட்டு எழுப்பிக்கிட்டு!" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். வைத்ததோடு நிற்கவில்லை, திரும்பப் படுத்துத் தூங்கியும் விட்டேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அவள் எப்போதும் போல சோறு போட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும், ஓட்டப்பிடாரம் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்கு இரண்டு நாள் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாள். இரண்டு நாள் பன்னிரண்டு நாளானது. போன் செய்தால் "ம்" என்பாள், பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள். எப்போது வருவாய் என்று கேட்டால் போனை வைத்துவிடுவாள். வராமலே இருந்துவிடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பதின்மூன்றாம் நாள் லீவு போட்டேன். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை சகிதம் அவளைக் கூப்பிடக் கிளம்பினேன்.

முந்தின நாள் நல்ல மழை. எங்கள் ரோட்டில் சின்னப் பாலம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் பக்கத்துப் பருத்திக்காட்டுக்குள் இறங்கி ஏற வேண்டும். நனைந்த கரிசல் மண்ணில் இறங்கியவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். நாலு அடி போவதற்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி, சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது. குச்சியால் நோண்டினேன், உதைத்தேன், திட்டினேன். கடைசியில் அரைக் கிலோமீட்டர் இழுத்துக்கொண்டே போனேன். பங்க்கை அடைந்தபோது வேட்டி முழங்கால் வரை கறுப்பு.

பளிச்சென்று கழுவி விட்டிருந்த தரை. விரட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்து, சண்டைக்குத் தயாராகவே நுழைந்தேன். சேலைக்கு மேல் யூனிபார்ம் சட்டை போட்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"அண்ணாச்சி, அங்கன குழாய்கிட்ட கொண்டு போங்க. நான் கம்பி எடுத்துட்டு வாரேன்."

கம்பியோடு வந்தவர் என் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து மண்ணைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். நான் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். முன்பக்கம் தெறித்திருந்த சேற்றை அவர் துடைத்தபோது, மீட்டரைச் சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாக ஸ்டிக்கர் பொட்டுகள் தெரிந்தன. என் மகளின் வேலை. அம்மாவின் பொட்டு அட்டை கையில் கிடைத்தால் வண்டிக்குத்தான் ஒட்டுவாள்.

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தார். "இது அந்த அக்கா வண்டில்லா? பொட்டு வண்டி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

"மழைக்கு முன்னாடி ஒரு நாளு. உச்சி வெயில்ல உருட்டிக்கிட்டே வந்தாவ. பிள்ளை சீட்டுல துவண்டு கெடக்கு. ஒரு கையில ஹாண்டில், ஒரு கையில பிள்ளை. துணியை நனைச்சு பிள்ளை நெத்தியில போட்டேன். எனக்குன்னா ஆத்திரம் தாங்கல. வீட்டு ஆம்பள பெட்ரோல்கூடப் போட்டு வைக்க மாட்டாவளான்னு கேட்டுட்டேன். அந்த அக்காவுக்குக் கோவம் வந்துட்டு. 'அப்படிச் சொல்லாதீங்க. அவிய நைட் ஷிப்ட் பாத்துட்டு இப்பதான் கண்ணசந்தாவ. எழுப்ப வேண்டாம்னு நாந்தான் சொல்லாம வந்துட்டேன். தெரிஞ்சா பதறிப்போய் ஓடி வந்துருவாவ'ன்னாவ."

கையில் இருந்த பைப் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் கத்திவிட்டுப் போனை வைத்த அரை மணி நேரத்துக்குள், முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் என்னைப் பற்றிச் சொன்னது இது.

"நீங்க யாரு, அந்த அக்காவுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரன் என்று சொல்ல வாய் வரவில்லை. "மெக்கானிக்கு. வண்டியை சர்வீஸுக்குக் கொண்டு போறேன்" என்றேன்.

"அப்ப மொதல்ல பெட்ரோல் முள்ளைச் சரிபண்ணிக் குடுங்க அண்ணாச்சி. அது வேலை செய்யலன்னு அந்த அக்கா அன்னைக்கே சொன்னாவ. பிள்ளையை வச்சுக்கிட்டு ஓட்டுதாவ, பாவம்."

தலையாட்டினேன். "ஜீரோ பாத்துக்கோங்க" என்று அவர் பெட்ரோல் குழாயைக் கையில் எடுத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மீட்டரைப் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்ததால் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. எட்டயபுரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் நிறுத்தி முள்ளைச் சரிசெய்தேன். ஒரு மணி நேர வேலைதான் அது.

மாமியார் வீட்டில் போய் நின்றபோது, காய்ந்த சேறும் நனைந்த சட்டையுமாக இருந்த என்னைப் பார்த்து மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. வாசலுக்குக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் கத்துனது தப்பு" என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கத்துனதுகூடப் பெருசில்ல. பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியளா?"

கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இந்தப் பன்னிரண்டு நாளில் அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் துணிப்பை இருந்தது.

திரும்பும் வழியில், பங்க்கைக் கண்டதும் மகள் தண்ணீர் வேண்டும் என்றாள். தப்பிக்க வழியில்லை, நிறுத்தினேன். அந்தப் பெண் என் மனைவியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"அக்கா, இவிய மெக்கானிக்குன்னு சொன்னாவளே?"

நான் அசடு வழிய நின்றேன். மனைவி என்னைப் பார்த்தாள், வேலை செய்கிற முள்ளைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஆமா, எங்க வீட்டு மெக்கானிக்குதான்" என்றாள்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனைவியும் சிரித்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது.

இப்போது எந்த ஷிப்ட் முடித்து வந்தாலும் அந்த பங்க்கில் டேங்க்கை நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். ஆனாலும் வழியில் போகிற ஒருவரிடம்கூட என்னை விட்டுக்கொடுக்காதவளை, கொதிக்கும் வெயிலில் பிள்ளையோடு விட்டுவிட்டு நான் தூங்கினேன் என்பது, ஒவ்வொரு முறை அங்கே வண்டியை நிறுத்தும்போதும் நினைவுக்கு வருகிறது. வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.