நாலு விரல் பதிந்த துடுப்பு

இது கட்டுக்கதை இல்லை. போன ஏப்ரலில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் நடந்தது, அதுவும் பட்டப்பகலில். பேய் நள்ளிரவில்தான் வரும் என்று நினைப்பவர்கள் ஜான்சனைப் போய்க் கேட்கலாம். இன்றைக்கும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவன் தன் கொட்டகையில் தனியாக இருக்க மாட்டான்.

கடலில் அடிபட்டு வரும் மரச் சாமான்களைப் புதுசாக்கிக் கொடுப்பதுதான் ஜான்சனுக்குத் தொழில். படகுத் துடுப்போ, அலையில் சறுக்கும் பசங்களின் மரப்பலகையோ, எது வந்தாலும் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுவான். உள்ளே உப்பு தங்கியிருந்தால் மேலே போடும் வார்னிஷ் கொப்பளித்து உரிந்துவிடும். கழுவிக் காயவைத்து நாக்கால் தொட்டுப் பார்ப்பான். கரிப்பு போனால்தான் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பான்.

வேலையில் கெட்டிக்காரன். மனசில்தான் கோளாறு. மனைவி ரோஸிக்கு அவன் இரண்டாவது புருஷன். முதல் புருஷன் லாசர் ஆறு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. செத்தவன் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். உயிரோடு இருப்பவனிடம் சண்டையாவது போடலாம், செத்தவனை என்ன செய்வது? ரோஸி கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாலே ஜான்சனுக்கு வயிறு எரியும்.

அப்படிப்பட்டவனிடம் ரோஸி ஒரு நாள் பழைய துடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இத்த நல்லா பண்ணி வை."

"யார்து?"

"அப்பறமா சொல்றேன். இப்ப கேக்காத."

சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஜான்சன் முடிவு கட்டிவிட்டான். லாசருடையதுதான். இத்தனை நாள் அவள் அம்மா வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள்!

ஏழு முறை கழுவினான். நாக்கை வைத்தான். கரித்தது. இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு மறுபடி நாக்கை வைத்தான். இன்னும் கரித்தது. வழக்கமாக இப்படி இருந்தால் அவன் வேலையைத் தொடங்கவே மாட்டான். இந்த முறை தொடங்கினான். கரடுமுரடான எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் பிடியை வெறியோடு தேய்த்தான். அந்த ஆளின் கை பட்ட மரம் துளிகூட மிஞ்சக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை 11.10க்கு வார்னிஷ் பூசினான். கடற்காற்று எழும்புவதற்குள் பூசிவிட வேண்டும், இல்லையென்றால் மணல் ஒட்டும். 12 மணிக்குச் சாப்பிடப் போய் 12.40க்குத் திரும்பினான். பிடியில் விரல் தடங்கள்... யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி.

தேய்த்து மறுபடி பூசினான். புதன்கிழமையும் அதே நேரம், அதே தடங்கள். ரோஸியைத் தவிர வேறு யார்?

"நான் இல்லாத நேரம் பாத்து வந்து அத்த கட்டிப் புடிச்சிக்கினு கீறியா?"

"இன்னா பேசற நீ? பன்னெண்டு மணிக்கு நான் லூப் ரோட்டுல மீன் வித்துக்கினு கீறேன்."

அவன் நம்பவில்லை.

வியாழக்கிழமை. 11.15க்குப் பூசி முடித்தான். சாப்பிடப் போகவில்லை. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு மூலையில் உட்கார்ந்தான். வெளியே பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்டது.

12.05. அந்தச் சத்தம் நின்றது. அலைச் சத்தமும் நின்றது.

12.11. சொட்... துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு நாள் காய்ந்த மரம்.

12.14. சொட்... சொட்...

வார்னிஷ் அமுங்கியது. அவன் கண் எதிரிலேயே.

வலது கை. ஐந்து விரல்.

இடது கை...

நாலு.

லாசருக்கு இடது கையில் சுண்டு விரல் கிடையாது. என்ஜின் கயிறு அறுத்துவிட்டது. குப்பத்துக்கே தெரியும்.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஜான்சனுக்குப் பொறாமை பயத்தைவிடப் பெரிசாக இருந்தது. ரம்பத்தை எடுத்தான்.

"அவ எம் பொண்டாட்டிடா!"

அந்தக் கைத்தடங்களுக்கு நடுவில் வைத்து அறுத்தான். 12.22க்குத் துடுப்பு இரண்டு துண்டாக விழுந்தது. அறுத்த இடத்திலிருந்து தண்ணீர் வழிந்தது...

ஒரு மணிக்கு ரோஸி வந்தாள். துண்டுகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி... உனுக்குத்தான்யா வாங்கினேன்! படகுல பங்கு வாங்கணும்னு சொல்லிக்கினே இருந்தியே, அதுக்கு மொத துடுப்பா இருக்கட்டும்னு. கல்யாண நாளுக்குக் குடுக்கலாம்னு மார்க்கெட்டுல சொல்லிவச்சி, கோவளத்து ஆள்கிட்ட வாங்கினேன்."

"அப்ப இது லாசர்து இல்ல?"

"லாசர் துடுப்பு லாசரோடவே போச்சு."

அழுதுகொண்டே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜான்சனுக்குத் தூக்கம் போனது. லாசர் கண்ணால்கூடப் பார்க்காத துடுப்பில் லாசர் கை எப்படி வந்தது? மார்க்கெட்டில் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கே போனான். துடுப்பை விற்ற மண்ணாங்கட்டி என்ற பெரியவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"அது நான் காசு குடுத்து வாங்கனது இல்ல நைனா. ஆறு வருசம் இருக்கும். நடுக்கடல்ல ஒரு ஆளு அத்தப் புடிச்சிக்கினு மெதந்தான். உசுரு இருந்துச்சு. கயிறு வீசினோம். அதுக்குள்ள பெரிய அலை ஒண்ணு... துடுப்பு மட்டுந்தான் கெடச்சுது. போலீசு, கேசுன்னு பயந்து வெளியில சொல்லல."

"ஆளு எப்படி இருந்தான்?"

"ஒரு கையில சுண்டு விரலு இல்ல."

ஜான்சன் குனிந்து வலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"எதுனா சொன்னானா?"

"ஒரே பேருதான். ரோஸி, ரோஸின்னு."

நாலு நாள் கழித்து ரோஸி திரும்பி வந்தாள். இப்போது இருவரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். கோவளத்தில் கேட்டதை ஜான்சன் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள். யாருக்காக அழுவாள் என்று அவனுக்குத் தெரியும்.