பேருக்குப் பின்னால் பி.இ.

அண்ணன் செத்த அன்று காலை, கண்ணீர் அஞ்சலி பேனருக்காக அப்பா அரியலூர் பிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டார். அழுதுகொண்டே பேசியவர் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

"பேருக்குப் பின்னால பி.இ. போட்டுருங்க. மறந்துடாதீங்க."

அண்ணன் பி.இ. முடிக்கவில்லை. பெரம்பலூரில் இன்ஜினியரிங் சேர்ந்து, அரியர் மேல் அரியர் விழுந்து, பாதியிலேயே நின்றுவிட்டான். பிறகு வெல்டிங் கற்றுக்கொண்டு சொந்தமாகப் பட்டறை வைத்தான். எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தப் பட்டறையால்தான். ஆனால் சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா, "சைட் இன்ஜினியரா இருக்கான்" என்பார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவனைக் கூட்டிப்போக மாட்டார். கையில் இருக்கும் தீப்பொறித் தழும்புகளைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களாம்.

சிமெண்ட் லாரி மோதிச் செத்தவனுக்குப் பேனரில் கறுப்பு அங்கியும் பட்டமளிப்புத் தொப்பியும் மாட்டியிருந்தார்கள். செத்த பிறகும் விடவில்லை, பாஸாக்கித்தான் அனுப்பினார்கள்.

பட்டறையில் அவனிடம் வேலை பார்த்தவர் மாலையோடு வந்தார். பேனரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணன் பி.இ.ங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லீங்களே."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

பேனரை எங்கள் வீட்டு கேட்டில்தான் கட்டியிருந்தார்கள். அண்ணன் தன் கையால் இரும்புப் பூ வேலை வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்த கேட் அது. அதில் ஒரு கம்பிகூட வெளியே தெரியவில்லை.