உமாமகேஸ்வரி கேட்காமல் விட்ட கேள்வி

எங்கள் டிஸ்பென்சரிக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், நோயாளிகளின் ஃபைல்கள் ஊர்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அகர வரிசை கிடையாது, நம்பரும் கிடையாது. மேல்தட்டில் நாங்குநேரி, அதற்குக் கீழே வள்ளியூர், ராதாபுரம், சேரன்மகாதேவி. இங்கே பம்பாய் தாராவியிலேயே பிறந்து, அந்த ஊர்களைக் கண்ணாலும் பார்க்காத பிள்ளையின் கேஸ் பேப்பர்கூட அப்பன் வந்த ஊரின் தட்டில்தான் இருக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் உமாமகேஸ்வரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். கிராஸ் ரோடு பக்கத்துச் சந்தில் பிறந்து, அடுத்த சந்திலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் பதிவுக் கவுண்டரில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

நான் வெங்கடராமன். மாட்டுங்காவில் வீடு. கப்பல் கம்பெனி ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றபின் இந்த டிரஸ்ட் டிஸ்பென்சரிக்குக் கௌரவச் செயலாளராக வந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும் என்று வீட்டிலும் சொல்வார்கள், வெளியிலும் சொல்வார்கள். கௌரவச் செயலாளருக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அதிகாரம் கொஞ்சம் தூக்கலாகவே வந்துவிடுகிறது.

உமா ஒரு புது ஆளுக்குப் பேப்பர் போடும் அழகைப் பார்க்க வேண்டும். பெயர் கேட்பாள். பிறகு, "யாரு மவன்?" என்பாள். பிறகு, "எந்த ஊரு?" அதற்குப் பின்தான் என்ன உடம்புக்கு என்ற பேச்சே வரும். திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்களிடம் இந்த மூன்று கேள்வியும் இல்லாமல் ஆளை அடையாளம் காண முடியாது. குலசாமியின் பெயரை மூத்த மகனுக்கு வைப்பார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால், மூன்று பேரும் தங்கள் மூத்த மகனுக்கு அதே பெயரை வைப்பார்கள். எவனும் எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். அதனால் ஒரே வீட்டில் இரண்டு சொரிமுத்து, மூன்று சொரிமுத்து என்பது அங்கே அதிசயமே இல்லை.

எனக்கு அந்தக் கேள்விகள் பிடிக்காது. ஒருமுறை நன்கொடை கொடுக்கும் அம்மாள் ஒருத்தி வந்திருந்தபோது, உமா வரிசையில் நின்ற கிழவரிடம் ஊரையும் அப்பாவையும் தாத்தாவையும் விசாரித்துக்கொண்டிருந்தாள். "இங்கே ஏன் இதெல்லாம் கேட்கிறார்கள்? ஜாதி பார்க்கவா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டுவிட்டாள். எனக்கு மானம் போயிற்று.

அன்று மாலை உமாவைக் கூப்பிட்டேன். "இதோ பார் உமா, இந்த ஊர்க்கதையெல்லாம் இனிமே வேண்டாம். பேர், வயசு, போன் நம்பர், அட்ரஸ். முடிஞ்சுது. க்யூ ரோடு வரைக்கும் நிக்கறது, நீ வம்ச விருட்சம் கேட்டுண்டிருக்கே."

"கேக்கலன்னா ஆளு மாறிரும் சார்," என்றாள்.

"கம்ப்யூட்டர் வரப்போறது. அது பாத்துக்கும்."

மறுநாளிலிருந்து அவள் அந்தக் கேள்விகளைக் கேட்பதை விட்டுவிட்டாள்.

2023 மே மாதம் பதிவேடுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையைக் கற்றுக்கொள்ள அவளைத் தாதருக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். சொல்லிக்கொடுத்தவள் ராபியா, இருபத்தாறு வயதுப் பெண். உமாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று. முதல் நாள் மவுஸை எலியைப் பிடிப்பதுபோல் அமுக்கிப் பிடித்ததில் கை வலிக்கிறது என்று திரும்பி வந்தாள். ஆனால் ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை. ராபியா இந்தியில் சொன்னதைத் தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒரு ஆளுக்கு ஒரே எண். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது. எழுந்து போகும்போது திரையை மூடிவிட்டுப் போக வேண்டும். ஃபைலில் இருப்பது ஃபைலோடு. அந்த நோட்டை நான் பிறகு பார்த்தேன். ஒரு வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள்: 'ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் தொல்லை, இரண்டு ஆளுக்கு ஒரே பதிவு இருந்தால் ஆபத்து.'

கற்றுக்கொண்டதை அவள் காற்றில் விடவில்லை. தாராவிப் பக்கம் கல்யாணப் பேச்சு வந்தால், மாப்பிள்ளை வீட்டில் யாருக்காவது டிபி உண்டா என்று கவுண்டரில் வந்து காதோடு காதாக விசாரிப்பது வழக்கம். முன்பெல்லாம் உமா வாயால் சொல்ல மாட்டாள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தே வந்தவர்கள் புரிந்துகொண்டு போவார்கள். பயிற்சிக்குப் பின் முகத்தையும் பூட்டிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது மைனி, வேற வேலயப் பாருங்க," என்று அனுப்பிவிடுவாள். கம்ப்யூட்டர் படிச்சதும் ரொம்பத்தான் கெத்து என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

செப்டம்பரில் எல்லாப் பேப்பரும் ஏறி முடிந்தது. அப்போது கம்ப்யூட்டர் ஒரு பட்டியலை நீட்டியது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கலாம் என்று அது சந்தேகப்பட்ட ஜோடிகள், நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் பார்த்து, ஒரே ஆள்தான் என்றால் இரண்டையும் இணைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இணைக்காமல் போன் செய்து கேள் என்று ராபியா சொல்லியிருந்தாள். உமா என்னிடம் ஒரு மாதம் கேட்டாள். மாதக் கடைசியில் டிரஸ்டிகள் கூட்டம். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று அங்கே சொல்ல எனக்கு ஆசை.

"நாலு நாள் தர்றேன்," என்றேன். "பேர், வயசு, போன், அட்ரஸ் நாலும் ஒத்துப்போனா இணைச்சுடு. யோசிக்காதே."

நாலு நாளில் முடித்தாள்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு ஜோடி, சொரிமுத்து வேலுச்சாமி. ஒரே வீட்டின் மேல்தளத்தில் அண்ணன் பூலோகம் குடும்பமும், கீழ்த்தளத்தில் தம்பி குடும்பமும் இருந்தன. இருவர் மகனும் சொரிமுத்து. பம்பாயில் சர்நேம் இல்லாமல் எந்த ஃபாரமும் நகராது என்பதால் இருவருக்கும் தாத்தா வேலுச்சாமியின் பெயரைச் சர்நேமாகப் போட்டிருந்தார்கள். அப்பா பெயருக்கான கட்டம் கட்டாயமில்லை; நாலு விவரம் போதும் என்று நான் சொல்லியிருந்ததால் அதைக் காலியாக விட்டாயிற்று. போன் நம்பர் இருவருக்கும் கீழ்வீட்டுத் தம்பி மனைவி கனகவள்ளியின் நம்பர், அவள்தான் எப்போதும் வீட்டில் இருப்பாள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு எல்லாம் கம்ப்யூட்டர் ஜனவரி ஒன்று என்று போட்டுவிடும். இருவருக்கும் வயது இருபத்து நான்கு. நாலும் ஒத்துப்போயிற்று.

மேல்வீட்டுச் சொரிமுத்துவுக்குச் சின்ன வயதில் தொண்டைவலியோடு வந்த காய்ச்சல் மூட்டுகளைப் பிடித்து, பிறகு இதய வால்வைக் கெடுத்திருந்தது. அது மேலும் கெடாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. பத்து வருஷமாகத் தவறாமல் எங்களிடம் வந்து போட்டுக்கொண்டிருந்தான். கீழ்வீட்டுச் சொரிமுத்துவுக்குப் பன்னிரண்டு வயதில் அதே பென்சிலின் போட்டு முகமெல்லாம் வீங்கி, பிழைத்ததே பெரிது. அவனுக்கு அந்த மருந்தே ஆகாது. இரண்டு பேப்பரும் ஒன்றானதும் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: பென்சிலின் ஒவ்வாமை.

அக்டோபரில் புது டாக்டர் வந்தார். நல்லவர், ஜாக்கிரதையானவர். சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு மேல்வீட்டுச் சொரிமுத்துவிடம், இந்த ஊசியால் உனக்கு ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டார். அவன் கூரியர் கம்பெனியில் ஓடுகிற பையன். ஊசி போட்டால் இரண்டு நாள் காலை இழுத்து இழுத்து நடப்பான். "பஹுத் தக்லீஃப் ஹோதா ஹை, டாக்டர் சாப்," ரொம்பக் கஷ்டம் என்று அந்த வலியைத்தான் சொன்னான். டாக்டர் அதை ஒவ்வாமை என்று எடுத்துக்கொண்டு ஊசியை நிறுத்தி, அதற்குப் பதில் தினம் இரண்டு வேளை மாத்திரை எழுதினார். அவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். "உமாக்கா, ஊசிலயிருந்து தப்பிச்சிட்டேன்," என்றான். அவளும் சந்தோஷப்பட்டாள். மாத்திரையை ஒரு மாதம் தின்றான். உடம்புக்கு ஒன்றும் தெரியாதபோது இருபத்து நான்கு வயதில் யார் தினமும் மாத்திரை தின்பார்கள்?

மார்ச்சில் அவனால் வீட்டு ஏணியில் ஏற முடியவில்லை. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பழைய வைத்தியக் குறிப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்க, உமா பிரிண்ட் எடுத்துப் பூலோகத்திடம் கொடுத்தனுப்பினாள். அலுவலகப் பிரதி ஒன்றை ஃபைலில் வைக்குமுன் மேலோட்டமாகப் பார்த்தாள். ஆகஸ்ட் எட்டாம் தேதி எடை எழுபத்தொரு கிலோ. ஆகஸ்ட் பதினான்காம் தேதி ஐம்பத்திரண்டு கிலோ.

அந்தக் காகிதத்தோடு என் அறைக்கு வந்தவள், மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இது ரெண்டு பேரு சார். நாந்தான் ஒண்ணாக்கிட்டேன்."

புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. வெட்கப்பட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஞாபகம் வந்தது சொரிமுத்து இல்லை, டிரஸ்டிகள்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதே," என்றேன். "சத்தமில்லாம பிரிச்சு வெச்சுடு. கமிட்டி கூடட்டும், அப்புறம் பேசலாம்."

"அந்தப் பிரிண்டு அவன் கட்டில்ல தொங்குது சார். அதப் பாத்துட்டு அங்கயும் ஊசி போடாம இருப்பாவ."

"உன் வேலை போயிடும் உமா."

"அவன் போயிருவான் சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அலமாரியிலிருந்து ராதாபுரம் தட்டின் பழைய பேப்பர்க் கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னாள். அவர்கள் அன்றே மருந்தை மாற்றினார்கள். வெளியே தாழ்வாரத்தில் பூலோகம் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. இவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டாராம்:

"எங்க வீட்டுல ரெண்டு சொரிமுத்து இருக்காம்னு ஒனக்குத் தெரியாதா தாயி?"

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுமா கேக்காம உட்ட?"

தெரியும் என்பதுதான் அவளை அரித்தது. ராபியாவுக்குத் தெரிய நியாயமில்லை, எனக்குத் தெரிந்தாலும் உறைக்காது. அவள் அந்தச் சந்தில் பிறந்தவள். அவள் கொழுந்தன் மகனும் அவள் மகனும் ஒரே பெயர்க்காரர்கள்.

வால்வை மாற்ற நாள் குறித்திருந்தார்கள். அதற்கு நான்கு நாள் இருக்கும்போது சொரிமுத்து இறந்துபோனான். வால்வு போன போக்கில் ஊசி போட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று அங்கிருந்த டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போடாததால் சீக்கிரம் போனான் என்பதை அவர் மறுக்கவும் இல்லை.

காரியம் முடிந்து வந்து உமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இணைந்த பதிவில் 'இறந்தவர்' என்ற கட்டத்தைத் தொட்டால் கீழ்வீட்டுப் பையனும் செத்தவனாகிவிடுவான். மொத்தம் ஐம்பத்தெட்டு வருகைகள். எது யாருடையது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பழைய பேப்பர்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எடையைப் பார்த்து, ஊசியைப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இரண்டு நாள் பிடித்தது. பிரிந்த பதிவுகளில் ஒன்றின் அப்பா பெயர்க் கட்டத்தில் பூலோகம் என்று எழுதினாள். பிறகு அந்தப் பதிவில் 'இறந்தவர்' கட்டத்தைத் தொட்டாள். அவள் அழுததை நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பின்பு மிச்சம் நானூற்றுப் பதினோரு ஜோடிகளையும் எடுத்துக்கொண்டாள். போன் செய்யவில்லை, சந்து சந்தாக நடந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ராபியாவும் கூட வந்தாள். வாசலில் நின்று, யாரு மவன், எந்த ஊரு என்று பழையபடி கேட்டாள். இன்னும் ஆறு ஜோடி தப்பாக இணைந்திருந்தது தெரிந்தது. அதில் ஒருத்தி கர்ப்பிணி, அவள் பதிவில் வேறொருத்தியின் ரத்த வகை இருந்தது. ஆறையும் பிரித்துக் கொடுத்தாள்.

மே மாதம் விசாரணைக் கமிட்டி கூடியது. எந்தப் பதிவை யார், எந்த நிமிஷம் தொட்டார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் உமாவின் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. ஊரைக் கேட்காதே என்று சொன்னதற்கும், நாலு நாள் என்று விரட்டியதற்கும் எந்தக் கட்டமும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உமாவைக் கேட்டார்கள். "தப்பு என்னுதுதான்," என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊழியரின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தில் செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் மாதம், நல்ல மழை நாளில், பூலோகம் டிஸ்பென்சரிக்கு வந்தார். கவுண்டரில் இருந்த புதுப் பெண் அவரிடம் பெயர், வயது, போன் கேட்டாள். அவர் மருந்துக்கு வரவில்லை. உமா எங்கே என்று கேட்டு வந்திருந்தார். மகனின் பழைய பேப்பரில் ஒன்றாவது வீட்டில் வைத்துக்கொள்ளக் கிடைக்குமா என்று அவளிடம் கேட்க வேண்டுமாம். புதுப் பெண் அவரை என்னிடம் அனுப்பினாள்.

உமா இப்போது இங்கே இல்லை, நீக்கிவிட்டோம் என்று சொன்னேன். அவர் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளையவா?" என்றார். "எங்கிட்ட வந்து சொன்னது அவ ஒருத்திதான சார். வேற யாரும் வரலயே."

நாற்காலியை நகர்த்தி, உட்காருங்கள் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.