மிச்சம் வைத்த பேப்பர்

எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. முதல் மாடி, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். எங்கள் வீடு ஏழில். ஷிப்ட் முடிந்து கால் வீங்கி வரும் நாளில் ஒன்பதுக்குப் போய்ப் படியிறங்குவேன். ஊரில் சொன்னால் சிங்கப்பூரிலா இப்படி என்று சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிப்பதில்லை. நிற்காது என்றால் நிற்காது. வந்து நான்கு வருடமாகியும் இந்தப் பொறுமை எனக்குப் பழகவில்லை.

ராஜபாளையத்தில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கும்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை. தை மாதம்தான் லீவு. பரீட்சையோ ஏப்ரலில். பத்திரிகை அடிக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது, பிழை பார்க்க அப்பா என்னையும் கூட்டிப் போயிருந்தார். என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று இருந்தது. “இன்னும் முடிக்கலையேப்பா” என்றேன். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். உத்தரவு போட்டே பழகிய குரலில் அச்சகத்துக்காரரிடம், “அதெல்லாம் முடிச்ச மாதிரிதான். போடுங்க” என்றார். கல்யாணம் முடிந்து, விசா வந்து, பரீட்சைக்கு முன்பே விமானம் ஏறிவிட்டேன். ஊரெல்லாம் வாழ்த்திய அந்தப் பட்டம் இன்றுவரை என் கைக்கு வரவில்லை. அப்பா மட்டும் விடவில்லை. வருடாவருடம் எனக்காகப் பரீட்சைப் பணம் கட்டுவார். நான் போகமாட்டேன். அடுத்த வருடம் மறுபடியும் கட்டுவார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் படிப்பின் மேல் எனக்கு ஆசையே போய்விட்டது. எங்கள் ஊர் சோழபுரத்தில் யாரும் எடுக்காத பாடம் என்பதற்காக அப்பா எடுக்க வைத்தது அது. இங்கே மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து, அரிசியில் பாதிகூட இல்லாத சில்லுகளில் கம்பி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆனாலும் அது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த வருடம் என்னை லைன் லீடராக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. அதற்குப் பட்டம் தேவையில்லை, கண் போதும்.

சூப்பர்வைசர் ரோகாயா மலாய்க்காரப் பெண்மணி. ஏப்ரலில் ஊருக்குப் போக ஒரு மாதம் லீவு கிடைக்குமா என்று கேட்டேன். பரீட்சைக்கென்றால் சம்பளமில்லாமல் கிடைக்கும், மற்றபடி வருடாந்திர லீவு மட்டும்தான் என்றார். அந்த லீவோ போக வரவே சரியாகப் போகும்.

“பட்டம் வாங்கினால் ஆபீசுக்குப் போய்விடுவாயா?”

“இல்லை, லைனுக்குத்தான் வருவேன்.”

“அப்புறம் எதற்குப் பரீட்சை?”

கல்யாணப் பத்திரிகையில் போட்டாகிவிட்டது என்பதை எந்த மொழியில் விளக்குவது? ஏப்ரலில் நான் இல்லையென்றால் லீடர் வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்றார் ரோகாயா. மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவோடு போன் செய்தேன். ஞாயிறுதோறும் அப்பா ராஜபாளையம் வந்து பஞ்சு மார்க்கெட் பக்கமுள்ள டெலிபோன் பூத்தில் காத்திருப்பார்.

“அப்பா, எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம். விட்டுரலாம்னு இருக்கேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்போ ஏப்ரலுக்கு நீ வரமாட்டியா தாயி?”

பட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறை ஊருக்குப் போயிருந்தேன், அதுவும் கொழுந்தன் கல்யாணத்துக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாமியார் வீட்டில் தங்கியே நாள் தீர்ந்துவிட்டது. அப்பா விருந்தாளியாக வந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, “பொறவு பார்ப்போம்” என்று போனார். மகளை வா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பரீட்சைப் பணம் கட்டிக் கூப்பிடுவதுதான். இது புரிய எனக்கு இத்தனை நாளாகியிருக்கிறது. அழுகை வந்தது. “வாரேன்ப்பா” என்று வைத்துவிட்டேன்.

போனேன். லீடர் வேலையும் போனது. அந்த ஒரு மாதம் சோழபுரத்தில் என் வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு பரீட்சையன்றும் அப்பாவும் பஸ்ஸில் கூடவே வந்து, கல்லூரி சைக்கிள் ஸ்டாண்ட் நிழலில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், “எனக்கென்ன வேலை?” என்பார். முதல் பரீட்சைகளை ஒழுங்காகவே எழுதினேன். கடைசிப் பரீட்சைக்கும் படித்துத்தான் போனேன். தெரிந்த கேள்விகளும் வந்திருந்தன. எழுதத் தொடங்கியபோதுதான் உறைத்தது: இதிலும் தேறிவிட்டால் அடுத்த முறை ரோகாயாவிடம் என்ன சொல்லி லீவு கேட்பேன்? பாஸாகிவிடக் கூடாதே என்று பயந்து பரீட்சை எழுதியவள் அந்தக் கல்லூரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அரைப் பக்கத்தோடு நிறுத்தி, எழுந்து வந்துவிட்டேன்.

“என்ன தாயி, செத்த நேரத்துல வந்துட்டே?”

“இது தேறாதுப்பா. இன்னொரு தடவை எழுதணும்.”

“எப்போ?”

“நவம்பர்ல.”

அப்பா பேப்பரை நிதானமாக மடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “நவம்பர்னா அடைமழையால்ல இருக்கும். நீ படுக்குற அறையில ஒழுகும். ஓடு மாத்தணும்” என்றார்.

திரும்பி வந்ததும் ரோகாயா ரிசல்ட் பற்றிக் கேட்டார். ஒன்றில் தேறமாட்டேன் என்றேன். எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டு, தோளைத் தட்டி, கவலைப்படாதே, நவம்பருக்கும் லீவு தருகிறேன் என்றார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. இப்போது புது லீடருக்குக் கீழே அதே இடத்தில் உட்கார்ந்து சில்லு பார்க்கிறேன். போன ஞாயிறு போனில், “ஓடு வந்து எறங்கிருச்சு, எம்புட்டு நல்ல ஓடு தாயி” என்றார் அப்பா. கையோடு கொண்டு வந்த இயற்பியல் புத்தகத்தை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.