ஓட்டை போடாத நாற்பது பீப்பாய்கள்

அங்கலேஷ்வர் சாய ஆலையில் ரமிலாபென் வசாவாவுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே வேலைதான். ரசாயனம் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வரும் நீலப் பீப்பாய்களைக் கழுவி, அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூன்று ஓட்டை போடுவாள். அப்புறம் அதில் யாரும் குடிதண்ணீர் பிடிக்க முடியாது. பிறகு அது உருக்கப் போகும்.

இந்த வருடம் ஆலை பசுமைச் சான்றிதழுக்கு மனுப் போட்டிருந்தது. நல்ல பிளாஸ்டிக்கை உருக்குவது வீண், கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்றார் புது மேலாளர் பரிமல்பாய். அமிலக் கம்பெனிகளுக்கு மட்டுமே கொடுப்பதாகப் பீப்பாய்களை எடுக்கும் ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ரமிலாபென் மறுக்கவில்லை. கழுவியதை மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, திறந்து மோந்து பார்த்து அனுப்பலாம் என்று மட்டும் கேட்டாள். பிளாஸ்டிக் குடித்த ரசாயன மருந்து சூடு பட்டால்தான் வெளியே வரும். அது அவளாகக் கண்டுகொண்டது.

"கழுவின தண்ணியில நனைச்ச சோதனைத் தாளே சுத்தம்னு சொல்லுது, பென். உங்க மூக்குக்கு யார் சான்றிதழ் கொடுத்தாங்க?" என்றார் பரிமல்பாய்.

லாரி காத்து நின்றது. பீப்பாய்கள் சுத்தம் என்று சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். போட்டாள். நாற்பது பீப்பாய்கள் ஓட்டையில்லாமல் போயின.

எட்டாம் நாள் ஹான்சோட் பக்கம் தங்கை மகளுக்குக் கல்யாணம். ரமிலாபென் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது பந்தி முடிந்திருந்தது. பந்தலுக்கு வெளியே, உச்சி வெயிலில், நீலப் பீப்பாய் ஒன்று நின்றது. தங்கை கணவர் பூபத் அதிலிருந்து டம்ளரில் மொண்டு நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க, பென். தண்ணிக்கே பாதாம் எசன்ஸ் போட்டிருக்கீங்களான்னு மாப்பிள்ளை வீட்டுல அசந்துட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன்."

மோந்ததுமே தெரிந்துவிட்டது. பாதாம் மாதிரி மணக்கும் அந்த மருந்து ஆலையில் ஒன்றுதான். குடித்தவர் உதடும் நகமும் நீலம் பாயும், மூச்சு முட்டும், உடனே அல்ல, சில மணி நேரம் கழித்து என்று கழுவும் கொட்டகைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

அவள் பீப்பாயைக் கவிழ்த்தாள். பூபத் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"எங்க ஆலைப் பீப்பாய் இது. சுத்தம்னு கையெழுத்துப் போட்டது நான். யார் யார் குடிச்சாங்க?"

"காலையிலேர்ந்து எல்லாருந்தான்," என்றார் அவர், குரல் இறங்கி.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் ஓடி, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பந்தி முடிந்து எல்லோரும் பான் போட்டிருந்தார்கள். எல்லா உதடும் சிவப்பாக இருந்தது.

பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, நகத்தைப் பார்க்க வெளிச்சத்துக்கு இழுத்தாள்.