அக்கா ஊதிய பேக் பைப்

ஸ்காட்லாந்து எங்கே இருக்கிறது என்று திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. ஆனாலும் தொண்ணூறுகளில் ஒரு மே மாதம் முழுக்க எங்கள் மாதா கோயில் வளாகத்தில் ஸ்காட்லாந்துப் பாட்டுதான். ராணுவ பேண்டில் பேக் பைப் என்ற அந்த நாட்டுப் பை வாத்தியம் ஊதி ஓய்வுபெற்று வந்த மாஸ்டர், பங்குப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு எடுத்தார். நன்றாக ஊதுகிறவர்கள் மாதக் கடைசியில் மாதா தேருக்கு முன்னால் வரிசையில் போகலாம். கட்டம்போட்ட பாவாடை ஆண்களுக்கும் உண்டு என்றதும் பாதிப் பையன்கள் ஓடிவிட்டார்கள். அக்காவும் நானும் நின்றோம்.

முதலில் வெறும் குழல். அதில் விரல் படிந்த பிறகுதான் பை கைக்கு வரும். என் விரல்கள் கடைசிவரை படியவில்லை. அக்காவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. சாப்பிடும்போதுகூடத் தட்டின் விளிம்பில் விரல் ஆடும். அந்த வரிசையில் நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

பை வந்தபோதுதான் வம்பு. அதை விடாமல் ஊதி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அக்கா கொஞ்சம் ஊதுவாள். உதடு நீலமாகிவிடும், உட்கார்ந்துவிடுவாள். அம்மாவுக்கு எரிச்சல்.

“தண்ணி எடுக்கச் சொன்னாலும் மூச்சு வாங்குது, ஊதச் சொன்னாலும் மூச்சு வாங்குது. நல்லா நடிக்கக் கத்துக்கினா இவ.”

ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் அப்பா ஒருநாள் வேலைக்குப் போகாமல் அக்காவைப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்து, “சத்து கம்மியாம், மாத்திரை குடுத்துகிறாங்க” என்றார். கிளியனூரில் பஸ் நின்றபோது வாங்கிய வெள்ளரிப்பிஞ்சு எனக்குக் கிடைத்தது. அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

தேரன்று மாலை மாஸ்டர் அக்காவின் பேக் பைப்பில் சத்தம் எழுப்பும் ரீடுகளை எல்லாம் கழற்றிவிட்டு, காற்று வெளியேறாதபடி அவை இருந்த துளைகளைத் தக்கையால் அடைத்தார். தானே ஊதிப் பையை நிரப்பி அவள் கையில் கொடுத்தார்.

“நீ ஊதவே கூடாது கண்ணு. வாயில வெச்சிக்கினு வெரல மட்டும் ஆட்டு. யாருக்கும் தெரியாது.”

அக்கா அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

தேர் கிளம்பியது. அக்கா ஒரு விரல் பிசகாமல் வாசித்துக்கொண்டு போனாள். வரிசையை ஒட்டியே நடந்த அப்பா, கூட வந்த மில்லுக்காரர்களிடம் அவள் காதில் விழுகிற மாதிரி கத்தினார்.

“எத்தினி பேரு ஊதினா இன்னாய்யா, எம் பொண்ணு சத்தம் மட்டும் தனியா கேக்குது பாரு!”

ஒவ்வொரு தெரு திரும்பும்போதும் அதையே சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி ஒரு ஏமாளியா என்று அவர்மேல் பாவமாகவும் இருந்தது.

அடுத்த போகம் மல்லாட்டைக் கடலை பிடுங்குவதற்குள் அக்கா செத்துப்போனாள். இதயக் கோளாறு என்று அப்போதுதான் அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்தது. அம்மா தான் பேசியதையெல்லாம் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெகுகாலம் கழித்து, என் கல்யாணத்துக்கு வந்த மாஸ்டர்தான் சொன்னார். இனி ஊதினால் உயிருக்கே ஆபத்து என்று புதுச்சேரி டாக்டர் சொன்ன அன்றே அப்பா அவரைத் தேடிப் போயிருக்கிறார். ரீடைக் கழற்றச் சொன்னதே அப்பாதானாம். “வரிசையிலேருந்து மட்டும் எடுத்துடாதீங்க மாஸ்டர், அதுக்கு வேற ஆசையே இல்ல” என்றாராம்.

இல்லாத சத்தத்தை அப்பா தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு வந்தது யாருக்காக என்று தேரன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.