ஒருநாள் முன்னால் வந்த அமாவாசை

டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் நான் வேலை செய்யும் சமையல்கட்டில், மசாலா டப்பாக்கள் வைத்திருக்கும் மேல்தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. உள்ளே கறுப்பு எள். அதை நான் எந்தச் சமையலுக்கும் எடுப்பதில்லை. புதிதாக வேலைக்கு வந்த மெக்சிகோக்காரர் ஒருமுறை அதைத் திறக்கப் போனார். அது என் சொந்தச் சாமான் என்று சொல்லி வாங்கி வைத்தேன். கொட்டிவிடாமல் இருக்க மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் பாதி பிரிந்து தொங்குகிறது. இந்த எள் கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு வரைக்கும் போய், ஒரு மணிகூடக் கடலில் விழாமல் திரும்பி வந்தது. கொண்டுபோனவரை நான் சார் என்று கூப்பிடுவேன். என்னைவிட வயதில் சின்னவர்தான். அவர் என்னை மாஸ்டர் என்பார். எங்கள் ஊர்ப்பக்கம் ஓட்டல் சமையல்காரனுக்கு அதுதான் பெயர்.

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. தூத்துக்குடியில் பரோட்டா அடித்தேன், மும்பையில் கேன்டீனில் இருந்தேன், பிறகு ஓர் உல்லாசக் கப்பலின் அடித்தட்டுச் சமையலறையில் சில வருடங்கள். அந்தக் கப்பல் கரீபியன் தீவுகளைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேல்தட்டில் இருப்பவர்களுக்கு அது கடல், எங்களுக்கு அது வெங்காயம். துறைமுகத்தில் இரண்டு மணி நேரம் விடுவார்கள், ஊருக்கு போன் பேசிவிட்டு ஓடி வருவோம். அப்படி ஒரு தீவில் போன் பேசப் போனபோதுதான் அம்மா இறந்த சேதி தெரிந்தது. அதற்குள் எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. அன்று கப்பலில் புத்தாண்டு விருந்து. கூடை கூடையாக இறால் உரிக்க வேண்டியிருந்தது. உரித்தேன். பின்னால் எப்படியோ அமெரிக்கக் கரையில் ஒதுங்கி, நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேயில் ஓர் ஓட்டலில் அடுப்புப் பிடித்தேன். என் காகிதங்களைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. அவை சரியாக இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சார் மருந்துக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். சொந்த ஊர் வேதாரண்யம். சனிக்கிழமைகளில் மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு குடும்பத்தோடு வந்து, சமையல்கட்டுக்குப் பக்கத்து மேசையில் உட்காருவார்கள். அவர், அவர் மனைவி, ஆறாவது படிக்கும் மகள். அந்த இலையுதிர் காலம் முழுவதும் அந்த மேசையில் ஒரே பேச்சு, தீவுக்கு எப்போது போவது என்பது. எந்தத் தீவு என்பதில் தகராறு இல்லை. சாரின் விசா முத்திரை காலாவதியாகி வருடங்கள் ஆகியிருந்தன. வேலைக்கான நீட்டிப்பு மட்டும் காகிதத்தில் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால், திரும்ப முத்திரை வாங்க எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அதனால் கடல் தாண்டியும் அமெரிக்கக் கொடி பறக்கிற தீவாக இருக்க வேண்டும். செயின்ட் தாமஸ் என்று முடிவானது.

நான் அந்தப் பக்கம் கப்பலில் சுற்றியவன் என்று தெரிந்ததும் மேடம் என்னையே கூப்பிட்டுக் கேட்டார். “அண்ணா, நீங்களே சொல்லுங்க. கிறிஸ்மஸ் வீக் எப்படி இருக்கும்?”

“போகாதீங்க மேடம். நாலஞ்சு கப்பல் ஒண்ணா வந்து நிக்கும். மணல் தெரியாது, மனுசத் தலைதான் தெரியும்.”

“அப்ப பிப்ரவரி? ஸ்கூல் லீவு வருதே.”

“எல்லா ஸ்கூலுக்கும்தான் வருது.”

“பேசாம செப்டம்பர்ல போயிருக்கலாம். பாதி ரேட்டு.”

“செப்டம்பர்ல புயல் அடிக்கும் மேடம். ரேட்டு குறையறதே அதுக்குத்தான்.”

சார் அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜனவரி கடைசி வாரம்” என்றார். மேடம் திரும்பிப் பார்த்தார். அந்த வாரத்தில் பள்ளிக்கூடம் உண்டு, மகளுக்குப் பரீட்சை உண்டு, ஊரே பனியிலிருந்து தப்பி வெயில் தேடிப் பறப்பதால் விமானத்தில் இடமும் கிடைக்காது. “ஏன், அந்த வாரத்துல அப்படி என்ன இருக்கு?” என்றார். “சும்மாதான், வெதர் நல்லாருக்கும்” என்றார் சார். “உங்க மாமனார் வீட்டு வெதரா?” என்று மேடம் சொன்னதும் மகள்கூடச் சிரித்துவிட்டாள்.

கை கழுவுகிற சாக்கில் சார் சமையல்கட்டுக்குள் வந்தார். நான் வடை போட்டுக்கொண்டிருந்தேன். “மாஸ்டர், அந்த வாரம்தான் தை அமாவாசை” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அப்பா அதற்கு முந்தின வருடம் இறந்தபோது சாரின் நீட்டிப்பு மனு நிலுவையில் இருந்தது. இப்போது வெளியே போனால் மனு செத்துப்போகும், முத்திரையும் கிடைக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்பாவின் இறுதி ஊர்வலத்தை, பார்க்கிங்கில் கார் இன்ஜினை ஓடவிட்டபடி, யாரோ பிடித்து அனுப்பிய வீடியோவில் பார்த்தார். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். அடுத்த சனிக்கிழமை எங்கள் ஓட்டலுக்கு வந்து இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் அப்பா மின்சார வாரியத்தில் லைன்மேன். வருடத்தில் ஒருநாள், தை அமாவாசைக்கு மட்டும் கண்டிப்பாக லீவு போட்டு, விடியும் முன்னால் வேதாரண்யம் கடலில் முழுகி, தன் பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணியும் விடுவாராம். “கரண்டு கம்பத்துல ஏறுற ஆளு, கடலுக்கு மட்டும் ஏன் இப்படி பயப்படுறீங்கன்னு கிண்டல் பண்ணுவேன் மாஸ்டர். இப்ப அம்மா போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. ஒரு கடல்ல முழுகி அப்பா பேரைச் சொல்லுடா, எந்தக் கடலா இருந்தா என்னங்கிறாங்க. இங்க ஜனவரில கடல்ல கால் வெச்சா நமக்கே திதி கொடுக்கணும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வடை கருகியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

“நீங்களும் வாங்க மாஸ்டர். உங்களுக்குத் தெரிஞ்ச இடம்தானே?” என்றார். தெரிந்த இடம்தான். போவதற்கு ஒன்றும் கேட்கமாட்டார்கள். திரும்பும்போது விமான நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு காகிதத்தைக் கேட்பார். சாரிடம் காட்ட ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. நான் அடுப்பைத் தணித்துவிட்டு, “எனக்கு லீவு கிடைக்காது சார்” என்றேன். அவருக்கும் தெரியும். பிறகு கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, “அப்பா பேரைச் சொல்லும்போது எங்க அம்மா பேரையும் ஒருதடவை சொல்லிருங்க” என்று சொல்லி, பெயரைச் சொன்னேன். அவர் திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாரின் அம்மா, வீட்டு நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்து, புதன்கிழமை என்று சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை புறப்பட்டுச் சாயங்காலம் போய்ச் சேர்ந்து, புதன் காலையில் முழுகுவது என்று டிக்கெட் போட்டார்கள். மாற்றமுடியாத டிக்கெட். பொங்கல் முடிந்த வாரம் ஏதோ விசேஷத்துக்குக் கோயிலுக்குப் போன சார், புதன்கிழமை அமாவாசைக்கு என்னென்ன வேண்டும் என்று குருக்களிடம் கேட்டிருக்கிறார். குருக்கள் கையிலிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, “புதனா? இங்க செவ்வாய்க்கிழமைன்னா அமாவாசை. இந்தியா காலண்டரை வெச்சுண்டு இங்க பண்ணப்படாது. பூமி சுத்தறதோல்லியோ” என்றாராம்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் மேசையில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சார் அம்மாவை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். “காலண்டர்ல பொதங்கெழமைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஒனக்குன்னு தனியா ஒரு அமாவாசை வருமாக்கும்?” என்று அந்த அம்மாள் அங்கிருந்து கேட்டார். “வருதும்மா. அமாவாசைகூட இங்க ஒருநாள் முன்னாடியே வந்துருது. கிரீன் கார்டு மட்டும்தான் வரமாட்டேங்குது” என்றார் சார்.

மேடத்துக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. “இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?” என்று கோபப்பட்டார். கோபம் அடங்கும் முன்பே விமானக் கம்பெனிக்கு போன் போட ஆரம்பித்தார். திங்கட்கிழமைக்கு மாற்ற முடியாது, ஞாயிற்றுக்கிழமைக்கும் முடியாது. சீசன், எல்லா விமானமும் நிறைந்துவிட்டது. ஒருவர் மட்டும் தனியாகப் போக இடம் கேட்டுப் பார்த்தார். அதுவும் இல்லை. ஹோட்டல்காரன் முன்னால் வரவும் விடமாட்டான், பின்னால் தங்கவும் விடமாட்டான். இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒலித்துக்கொண்டே இருக்கும் பாட்டைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் டீயை மாற்றி மாற்றி வைத்தேன். அதற்கு மேல் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.

கடைசியில் மகள்தான் சாம்பார் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, “அப்பா, வீ லேண்ட் அட் ஃபோர். பாட்டிக்கு இட்ஸ் ஆல்ரெடி வெட்னஸ்டே” என்றாள். எல்லாரும் அவளையே பார்த்தோம். நாலு மணிக்கு இறங்கி இருட்டுவதற்குள் கடலுக்குப் போய்விட்டால், தீவில் அது செவ்வாய், குருக்களின் கணக்கும் சரி. வேதாரண்யத்தில் அது புதன், அம்மாவின் கணக்கும் சரி. வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தால் போதும். சார் மகளின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். “அப்பா, ஸ்டாப்” என்று அவள் துடைத்துக்கொண்டாள். நான் உள்ளே போய், இருந்ததிலேயே நல்ல எள்ளாகப் பொறுக்கி இந்தச் சம்படத்தில் நிரப்பிக் கொடுத்தேன். மேடம் டேப் ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பனி பெய்தது. பெரிய பனிகூட இல்லை. ஆனால் விமானங்களின் இறக்கையில் உறைந்ததைக் கரைக்க மருந்து அடிக்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை. சார் உள்ளேயிருந்து எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். ‘ஏறிட்டோம் மாஸ்டர்.’ ‘இன்னும் கிளம்பலை.’ ‘முன்னாடி நிறைய நிக்குது.’ நான் இட்லித் தட்டை இறக்குவதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். முதலாளி ஒருமுறை முறைத்தார். மத்தியானம் தாண்டியும் நியூவார்க்கின் தரையிலேயே இருந்தார்கள். பிறகு மெசேஜ் நின்றுபோனது. பறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது, நேரமாகிவிட்டது என்றும் தெரிந்தது.

மற்றதை மேடம் பின்னால் சொல்லிக் கேட்டதுதான். விமானம் நிரம்பி வழிந்ததால், வாசலிலேயே இவர்கள் கைப்பெட்டியை வாங்கிச் சரக்கோடு போட்டிருக்கிறார்கள். எள் அதில்தான் இருந்தது. தீவில் இறங்கியபோது இருட்டிவிட்டது. பெட்டி வரவில்லை, அடுத்த விமானத்தில் வரும் என்றார்கள். சார் டாக்சி பிடித்து, ஹோட்டலில் அறைக்குக்கூடப் போகாமல் நேராகக் கடற்கரைக்கு நடந்திருக்கிறார். அங்கே விருந்து. வரிசையாக விளக்குக் கட்டி, டிரம் அடித்து, கையில் கோப்பையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, பேன்ட்டோடு முழங்கால் வரை இறங்கிவிட்டார். காவல்காரர் டார்ச் அடித்து, இருட்டில் கடலில் இறங்கக்கூடாது சார், தயவுசெய்து வெளியே வாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். சார் வெளியே வந்துவிட்டார். “சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லண்ணா, ‘சாரி’ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு” என்றார் மேடம்.

மறுநாள் காலையில் மகளோடு கடலில் இறங்கியிருக்கிறார். தீவிலும் ஊரிலும் அமாவாசை தீர்ந்துகொண்டிருந்த நேரம்; பெட்டி மத்தியானம்தான் வந்தது, அதனால் கையில் எள்ளும் இல்லை. சும்மா குளித்தார்கள். மகளின் கையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாராம், வலிக்கிறது என்று அவள் கத்தும் வரைக்கும். நியூ ஜெர்சி திரும்பியதும் சம்படத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “நல்ல தண்ணி மாஸ்டர். வெதுவெதுன்னு இருந்துச்சு” என்றார்.

அந்தக் கோடையில் அவர் வேலை போயிற்று. வேலை போனால் இந்த நாட்டில் தங்குவதற்குக் கொடுக்கும் கெடு மிகவும் குறுகியது. வீட்டை விற்று, காரை விற்று, குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். ஒரு முத்திரைக்குப் பயந்து அப்பாவின் சாவுக்குப் போகாதவரை முத்திரையே இல்லாமல் அனுப்பிவைத்தார்கள். நானும் பிஸ்கட்டவேயில் அதிக நாள் நிலைக்கவில்லை. ஓட்டல் கைமாறியதும் டெக்சாஸுக்கு வந்து, கேட்டியில் சேர்ந்தேன். சம்படத்தை என் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

இந்த வருடம் தை மாதம், ஒரு சாயங்காலம் கூட்டம் ஏறுகிற நேரத்தில் வீடியோ கால் வந்தது. எண்ணெய்க் கையோடு எடுத்தேன். சார் வேதாரண்யம் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அங்கே விடிந்துகொண்டிருந்தது. பின்னால் ஜனங்கள், ஒரே தலைகள். “மாஸ்டர், கடல் தெரியுதா?” என்றார். பக்கத்தில் ஈரப் புடவையோடு அவர் அம்மா. “யாருடா அது?” “எள்ளு கொடுத்தாருன்னு சொன்னேனே, அவரும்மா.” “சாப்டியாப்பா?” என்று அந்த அம்மாள் கேட்டார். நான் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, சாப்பிட்டேன் என்றேன்.

“மாஸ்டர், உங்க அம்மா பேரு அன்னைக்குச் சொன்னீங்க. மறந்துட்டேன், கோச்சுக்காதீங்க. சொல்லுங்க. அப்பாவுக்கு விட்டுட்டு அவங்களுக்கும் விடுறேன்” என்றார். போனை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு மேல்தட்டில் எட்டிச் சம்படத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. டேப்பின் நுனியைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே அம்மாவின் பெயரைச் சொன்னேன். திரையைப் பார்த்தால் சார் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றார். அவருக்குப் பின்னால் அலையும் எழும்பிய இடத்திலேயே நின்றது. மறுபடி சொன்னேன், சத்தமாக. மெக்சிகோக்காரர் தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை சொல்லும்போது இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன், போகவில்லை. அவ்வளவு பேர் ஒரே கரையில் நின்றால் எப்படிப் போகும். அதற்குப் பிறகு சார் இரண்டு முறை பேசினார். பெயர் காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை, விழவில்லை என்று அவரும் சொல்லவில்லை. அன்று, ஆர்டர் சீட்டுகள் குவிந்துவிட்டதால், பிரித்த டேப்பை மூடியில் திரும்ப அழுத்தி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். கையில் எண்ணெய் இருந்ததால் அது ஒட்டவில்லை.